உஷார்! சர்வரில் மிரரிங் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறீர்களா?

“மிரரிங் போட்டாச்சு சார். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு ஓடும். நீங்க நிம்மதியா வியாபாரத்தைப் பாருங்க.”

ரிச்சி தெருவிலிருந்து சர்வரைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் தி. நகர் ஜவுளிக்கடையிலும், லஸ் முனை ஆடிட்டர் ஆபீஸிலும், அடையாறு காந்தி நகர் கிளினிக்கிலும் சொல்லிவிட்டுப் போகும் வசனம் இது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வம்பே அங்கேதான். பொய்யாக இருந்தால் யாராவது என்றைக்கோ கண்டுபிடித்திருப்பார்கள். உண்மையாக இருப்பதால் கேட்டவருக்கு அடுத்த கேள்வி தோன்றுவதில்லை. வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி வியாபாரமும் ஒரே சமயத்தில் வரும் ஊர் இது. அந்த அடுத்த கேள்வியை மழைக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

மிரரிங் செய்வது ஒரே ஒரு வேலை. டேட்டாபேஸில் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் 2 டிஸ்க்கிலும் எழுதுகிறது. ரெய்டு என்று சொல்லப்படும் ஏற்பாட்டில் 1 என்ற எண் இதற்கு. (வருமான வரிக்காரர்கள் நடத்துவது வேறு ரெய்டு. தி. நகரில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.) பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த ஏற்பாட்டுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்தது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது தாங்கும். அவ்வளவுதான். தீ, தண்ணீர், திருட்டு, மென்பொருள் பிழை, ஊழியரின் கைத்தவறு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் ஆகிய எதற்கும் மிரரிங்கிடம் பதில் கிடையாது. ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அதே கணத்தில் அழியும்.

அந்த ஒரே ஒரு வேலையிலும் ஓட்டை உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு விட்டது. அது சர்வர்களில் வைத்து விற்ற சில எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். உள்ளே இருக்கும் சிறு நிரலில் எண்ணிக்கைப் பிழை. செத்த டிஸ்க்கும் திரும்ப வராது, அதில் இருந்ததும் திரும்ப வராது. 2020 மார்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்தது. வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரத்தில் அதே கதி. ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கிய டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் போய்ச் சேரலாம் என்று அந்த அறிவிப்பே சொன்னது. இப்போது உங்கள் சர்வரை நினைத்துப் பாருங்கள். 2 டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே நிமிடத்தில் மின்சாரம் பெற்றவை. வயது, சூடு, எழுதும் சுமை எல்லாம் ஒன்றே. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கு வராது என்று எந்த தைரியத்தில் இருக்கிறோம்?

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, ரெண்டு டிஸ்க்கும் வேற வேற பேட்ச்ல குடுங்க. முடிஞ்சா வேற கம்பெனி.” முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். பழைய சர்வராக இருந்தால் 2 டிஸ்க்கில் ஒன்றை இப்போதே கழற்றிவிட்டுப் புதியது மாட்டுங்கள். கழற்றுவதற்கு முன்னால் முழு பேக்கப் ஒன்றை வெளியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வயது வித்தியாசம்தான் இங்கே மருந்து.

மிரரில் ஒரு டிஸ்க் இறந்தால் கடையில் யாருக்கும் தெரியாது என்பது அடுத்த ஆபத்து. பில் நிற்காது. நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தானே அதை மாட்டியது. சர்வர் ‘பீப்’ என்று கத்தும். கத்துகிறதே என்று யாரோ ஒருவர் சத்தத்தை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு எத்தனை மாதம் ஒற்றை டிஸ்க்கில் ஓடுகிறதோ, அத்தனை மாதமும் உங்களிடம் மிரரிங் என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. டிஸ்க் போனால் எச்சரிக்கை யார் செல்போனுக்குப் போகும்? அந்த ஆள் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறாரா?

இடம் மிச்சமாகிறது என்று ரெய்டு 5 போட்டுக்கொடுப்பவர்களிடம் கூடுதல் உஷார் தேவை. 3 அல்லது 4 பெரிய டிஸ்க்கில் தரவைப் பரப்பி, ஒரு டிஸ்க் அளவு இடத்தைச் சரிபார்ப்புக் கணக்குக்கு வைப்பது அந்த முறை. வீடியோ கோப்புகளுக்கு ஓடும். டேட்டாபேஸுக்குச் சரிப்படாது. சிறுசிறு பதிவுகளாக எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பழையதைப் படித்து, கணக்குப் போட்டு, இரண்டு இடத்தில் எழுத வேண்டும். வேகம் படுத்துவிடும். ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டினாலோ, மிச்சமிருக்கும் டிஸ்க்குகள் அனைத்தையும் ஆரம்பம் முதல் முடிவு வரை படித்துத்தான் அதை நிரப்ப முடியும். பல டெராபைட் என்றால் ஒரு நாளுக்கும் மேல் இழுக்கலாம். வயதான டிஸ்க்குகளுக்கு வாழ்நாளிலேயே அதிகச் சிரமம் அந்த நேரத்தில்தான். டேட்டாபேஸுக்கு ரெய்டு 1, அல்லது மிரர் ஜோடிகளில் தரவைப் பரப்பும் ரெய்டு 10 போதும். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. வேகத்துக்காக ரெய்டு கார்டு தன் நினைவகத்தில் பதிவை வைத்துக்கொண்டு “எழுதிவிட்டேன்” என்று டேட்டாபேஸிடம் சொல்லிவிடும், டிஸ்க்கில் பிறகு எழுதும். கார்டில் நல்ல பேட்டரி இருந்தால் சரி. பேட்டரி இல்லாமல் இந்த வசதியை முடுக்கிவிட்டிருந்தால், மின்சாரம் போகும் கணத்தில் கணக்கில் பதிந்த பில்கள் காற்றோடு போகும். மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம் முன்கூட்டி அறிவிக்கப்படும். புயல் நாளின் நிறுத்தம் சொல்லிக்கொண்டு வராது. யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைவிட, பேட்டரி தீர்வதற்கு முன் சர்வரை முறையாக அணைக்கும்படி அது சொல்லுமா என்பதே முக்கியம்.

இனி பெட்டிக்கு வெளியே வருவோம்.

2017 மே 31 அதிகாலையில் தி. நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பற்றிய தீ மறுநாளும் அணையவில்லை. 7 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எஞ்சியதையும் பிறகு இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. நாள் கணக்கில் யாரும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. அப்படியொரு கட்டடத்துக்குள் 2 டிஸ்க் வைத்தாலும் 20 டிஸ்க் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் இதில் பாடம் உண்டு. தீ உங்கள் கட்டடத்தில் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெருவை அடைத்துவிட்டால் உங்கள் சர்வர் நன்றாக இருந்தும் உங்களுக்கு எட்டாது.

தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. தொடங்கிய இடம் யு.பி.எஸ்.ஸின் லித்தியம் பேட்டரி. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம், 858 டெராபைட், மொத்தமாக அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் எடுக்கவில்லையாம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்புக்கென்று தனியாகக் காசு கட்டிய வாடிக்கையாளர் சிலருக்கு ஒரு செய்தி தெரியவந்தது: நகலும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் காசு கொடுத்து வாங்கியது ஒரே கொத்தில் கோத்த 2 சாவி. நம் ஊர்க் கடைகளில் சர்வரை வைக்கும் இடம் எது? படிக்கட்டுக்குக் கீழே, யு.பி.எஸ். பேட்டரியை ஒட்டி, ஜவுளி பார்சலுக்குப் பக்கத்தில்.

தண்ணீருக்கு வருவோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முழுகின. விமான நிலையம் மூடிக் கிடந்தது. அந்த டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல் முறை. காரணத்தைக் கவனியுங்கள்: மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. நகல் சர்வர் எங்கோ பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கலாம். அதை இயக்கிவிடத் தெரிந்த ஒரே ஆள் வேளச்சேரியில் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தால், அது இருந்தும் இல்லாத கதைதான்.

“நாங்க சர்வரை நாலாவது மாடிக்கு ஏத்திட்டோம்” என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. நல்லது. ஜெனரேட்டர் எங்கே? மின்சாரப் பெட்டி எங்கே? இன்டர்நெட் கேபிள் கட்டடத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது? மூன்றும் தரைத்தளத்திலோ பேஸ்மென்ட்டிலோதான். 2021 நவம்பரில் தி. நகர் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மேல்மாடிச் சர்வர்கள் நனையவில்லை. மின்சாரம் இல்லாமல் சும்மா நின்றன. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது ஊரெங்கும் மரங்கள் சாய்ந்தன. மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் தொங்கிய கேபிள்கள் சேர்ந்து விழுந்தன. நோட்டுத் தடை வந்து 5 வாரம்கூட ஆகாத நேரம். கையில் காசும் இல்லை, கார்டு தேய்க்க லைனும் இல்லை. அன்று 2 வேறு கம்பெனி இன்டர்நெட் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் இரண்டு கேபிளும் தொங்கியது ஒரே கம்பத்தில்.

ஆக, இன்னொரு நகல் வேறு இடத்தில் வேண்டும். அதற்குத்தான் ரெப்ளிகேஷன். முதன்மைச் சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் லைன் வழியாக வேறு ஊர்ச் சர்வருக்கு அனுப்பி, அங்கேயும் பதியவைப்பது. இங்கே விற்பவர்கள் 2 சொற்களை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள்: சிங்க்ரனஸ், ஏசிங்க்ரனஸ். உங்கள் கடையின் தலையெழுத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதில் இருக்கிறது. எனவே நிறுத்திக் கேளுங்கள்.

சிங்க்ரனஸ் முறையில் தூரத்துச் சர்வர் “வந்து சேர்ந்தது, பதிந்துவிட்டேன்” என்று பதில் சொல்லும்வரை இங்கே பில் முடியாது. ஒரு பில்கூடத் தொலையாது. ஆனால் காத்திருக்க வேண்டும். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி போய்த் திரும்ப கிலோமீட்டருக்கு 10 மைக்ரோ விநாடி ஆகும். மயிலாப்பூரிலிருந்து சிறுசேரிக்கு என்றால் கால் மில்லி விநாடி; யாரும் உணர மாட்டார்கள். மும்பை 1,000 கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு உயர்ந்த லைன் வாங்கினாலும் 10 மில்லி விநாடிக்குக் குறையாது, நடைமுறையில் இன்னும் கூடும். ஒற்றை பில்லுக்கு இது தூசு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை 30 கவுண்டரும் ஒரே சரக்கின் இருப்பு எண்ணைக் குறைக்க வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொருவரின் காத்திருப்பும் அடுத்தவர் தலையில் ஏறும். அன்றைக்குத்தான் “சர்வர் ஸ்லோவா இருக்கு மேடம்” என்று கேட்கும்.

லைன் அறுந்தால் என்ன ஆகும்? இதை மென்பொருளுக்கு மென்பொருள் கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒரே ஒரு துணைச் சர்வரை வைத்து சிங்க்ரனஸ் போட்டிருந்தால், துணை விழுந்ததும் முதன்மையும் புதிய பதிவுகளை முடிக்காமல் காத்துக்கொண்டே நிற்கும். வெளியூர்ச் சர்வர் படுத்தால் உள்ளூர்க் கடை நிற்கும். மைஎஸ்கியூஎல்லின் அரை-சிங்க்ரனஸ் முறை நேர்மாறு. யாரும் மாற்றியமைக்காவிட்டால் 10 விநாடி பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, சத்தம் போடாமல் ஏசிங்க்ரனஸுக்கு மாறிவிடும். கடை ஓடும், ஆனால் நீங்கள் வாங்கிய உத்தரவாதம் அந்த 10 விநாடியோடு முடிந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. இரண்டில் எது தேவலை என்று கேட்டால், ஜவுளிக்கடைக்கு இரண்டாவதைச் சொல்வேன், அடகுக் கடைக்கு முதலாவதை.

இது ஏதோ சின்னக் கடைகளின் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40க்குத் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியது மாலை 3.45க்கு. அன்று 5 மணி வரை நீட்டித்தார்கள். சந்தையின் முதன்மை மையம் மும்பை பாந்த்ராவில், அருகிலேயே குர்லாவில் ஒரு நகல் மையம், தூரத்துப் பேரிடர் மையம் எங்கே தெரியுமா? நம் சென்னையில். முதன்மைக்கும் பக்கத்து மையத்துக்கும் இடையே 2 கம்பெனிகளிடமிருந்து வாங்கிய லைன்கள் ஓடின. இரண்டும் அன்று தடுமாறின. லைன் போனாலும் முதன்மைச் சேமிப்பகம் பாதிக்கக்கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் லைன் போனதும் அந்தச் சேமிப்பகமே எட்டாமல் போனது. இடர்க் கணக்குப் பார்க்கும் மென்பொருள் நின்றது, அதோடு சந்தையும் நின்றது. பாதுகாப்புக்காக வைத்த நகல் ஏற்பாடு அசலையே முடக்கிவிட்டது. லைன்கள் ஏன் போயின? இரண்டு மையங்களுக்கும் இடையே சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

லஸ், மந்தைவெளி, பனகல் பூங்கா, அடையாறு. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை எந்தெந்தத் தெருவில் போகிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். பிறகு உங்கள் 2 லைன்களும் எந்தத் தெரு வழியாக வருகின்றன என்று கம்பெனிக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏசிங்க்ரனஸ் முறையில் இங்கே பில் உடனே முடியும், நகல் பின்னாலேயே போகும். சில நொடி பின்தங்கும், லைன் திணறினால் சில நிமிடம். முதன்மை அப்படியே போய்விட்டால் அந்தச் சில நொடிக்கான பில்கள் நகலில் இருக்காது. “போனால் போகிறது, 5 பில்தானே” என்பவர்களுக்கு ஒரு தகவல். துணைச் சர்வர் முதன்மையாக மாறியதும், தனக்குத் தெரிந்த கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து பில் போடும். அந்த எண்கள் ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்களில் அச்சாகிவிட்டவை. ஒரே நிதியாண்டில் ஒரே எண்ணில் 2 பில். ஜி.எஸ்.டி. விதிப்படி அது கூடாது. அதை ஆடிட்டர் கண்டுபிடிக்கும்போது வருடம் முடிந்திருக்கும். மாறும் நாளில் பில் வரிசையை வேறு எழுத்தில் தொடங்கும்படி மென்பொருள்காரரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

ரெப்ளிகேஷனை நம்பி பேக்கப்பை விட்டவர்களுக்கு கிட்லேப் கதை. உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்களின் நிரல்களைக் காத்துவைக்கும் நிறுவனம் அது. 2017 ஜனவரி 31 இரவு, துணைச் சர்வர் பின்தங்கிப்போய் ரெப்ளிகேஷன் நின்றிருந்தது. துணையின் டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று ஓர் இன்ஜினியர் கட்டளை கொடுத்தார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும்விட்டார். ஆனால் அவர் நின்றிருந்தது முதன்மைச் சர்வரில். 300 ஜிபியில் மிச்சம் சுமார் 4.5 ஜிபி. சரி, பேக்கப்? தினசரி பேக்கப் பழைய பதிப்பு நிரலால் எடுக்கப்பட்டதால் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்கவில்லை, எனவே யாருக்கும் தெரியவில்லை. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. வேறொரு சோதனைக்காக ஒருவர் 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகளும் 700 புதிய கணக்குகளும் போயே போயின. இத்தனையையும் அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

அழி என்ற கட்டளையை ரெப்ளிகேஷன் மறுப்பதே இல்லை. விலைப்பட்டியல் முழுவதையும் தவறுதலாக ஒரே விலைக்கு மாற்றினால் கோயம்புத்தூரில் இருக்கும் நகலும் மாறும், அதுவும் அரை விநாடியில். பணம் பறிக்கும் வைரஸும் ஒரே கடவுச்சொல்லில் இரண்டிலும் நுழையும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் பூட்டப்பட்டது. நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவது முதல் எல்லாம் சுமார் 2 வாரம் கையால் நடந்தது. இ-ஹாஸ்பிடல் என்னும் மருத்துவமனை மென்பொருளின் தரவு கடைசியில் எங்கிருந்து மீண்டது? பாதிக்கப்படாமல் இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. அடையாறில் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பஞ்சமில்லை. அந்த பேக்கப் சர்வர் போன்ற ஒன்று, தனிக் கடவுச்சொல்லோடு, அன்றாடம் யாரும் தொடாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேண்டுமென்றே பின்தங்கவைக்கும் துணைச் சர்வர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் நகலை ஒரு மணி நேரமோ 4 மணி நேரமோ தாமதமாகப் பதியச் சொல்லலாம். காலை 11 மணிக்கு நடந்த கைத்தவறு அங்கே போய்ச் சேரும் முன் நிறுத்திவிடலாம். செலவு குறைவு, பயன் பெரிது.

தானாகவே மாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் எனக்கு அரை நம்பிக்கைதான். தி. நகரில் ஒன்று, அடையாறு கிளையில் ஒன்று என 2 சர்வர் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது தானே முதன்மையாகும்படி செய்துவிடுவார்கள். இரண்டும் நன்றாக இருந்து, நடுவில் லைன் மட்டும் அறுந்தால்? இரண்டும் “அவன் செத்துவிட்டான், இனி நான்தான்” என்று பில் போடத் தொடங்கும். லைன் வந்ததும் 2 உண்மைகள். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் 43 விநாடி இணைப்பு விட்டுப்போனது. அதற்குள் அமெரிக்காவின் மறு கரையிலிருந்த சர்வர்கள் முதன்மையாகிவிட்டன. இரண்டு பக்கமும் பதிவுகள் பிரிந்துபோனதால், சேவை பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்தப் பாடு. மூன்றாவது இடத்தில் சாட்சியாக ஒரு சின்னச் சர்வர் இல்லாமல் தானியங்கி மாற்றத்தைத் தொடாதீர்கள். மாற்றும் முடிவை ஒரு மனிதரிடம் விட்டுவிடுங்கள். 10 நிமிடம் போகட்டும்.

சில்லறைப் பொறிகள் சில. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் சிங்க் செய்வது நகல் ஆகாது. பாதி எழுதிய நிலையில் போன கோப்பு திறக்காது. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டாபேஸ் மிரரிங்கை மைக்ரோசாஃப்ட் 2012லேயே வழியனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்போ அதில் சாட்சி வேடம் மட்டுமே போடும். அதில் மிரரிங் போட்டுத்தருகிறேன் என்பவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் ஸ்லாட் வைத்து ரெப்ளிகேஷன் போட்டால், துணைச் சர்வர் பொங்கல் விடுமுறையில் அணைந்து கிடக்கும்போது முதன்மை அதற்காகப் பதிவுக் கோப்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பும், முதன்மை நிற்கும். 13ஆம் பதிப்பு முதல் இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். வைத்திருக்கிறார்களா?

கிளவுட்டில் நகல் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. மைக்ரோசாஃப்டின் அஸூரில் ‘தென்னிந்தியா’ என்ற மண்டலத்தைத் தேர்ந்தால், நகல் போய்ச் சேரும் ஊர் சென்னை. புயலுக்குப் பயந்து வெளியே அனுப்பிய நகல் அதே புயலின் கீழ் உட்கார்ந்திருக்கும். புனேயோ மும்பையோ ஹைதராபாத்தோ பாருங்கள். தமிழக அரசே தன் மாநிலத் தரவு மையத்தைப் பெருங்குடியில் வைத்துவிட்டு, பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சியில் வைத்திருக்கிறது. வங்கக் கடலோரம் ஒன்று, காவிரிக்கரையில் ஒன்று. அந்த யோசனை நமக்கும் பொருந்தும்.

எவ்வளவு செய்தால் போதும்? மயிலாப்பூர் ஆடிட்டருக்கு ரெப்ளிகேஷனே வேண்டாம் என்பேன். வேறு வேறு பேட்ச் டிஸ்க்கில் மிரரிங், இரவுதோறும் வெளியூருக்குப் போகும் பேக்கப், வாரம் ஒருமுறை கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகும் டிஸ்க். அவருடைய வாடிக்கையாளர் கம்பெனிகளாக இருந்தால், மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் முதல் விதியே உண்டு. கிளினிக்குக்கு இவற்றோடு வெளியூரில் ஏசிங்க்ரனஸ் துணை ஒன்று. தி. நகர் பெரிய கடைக்கு ஊருக்குள் ஒன்று, வெளியூரில் தாமத நகல் ஒன்று, இரண்டுக்கும் மேல் யாரும் அழிக்க முடியாத பேக்கப். இத்தனையும் செய்துவிட்டு, 2 சர்வருக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல்லை வைத்துக் கெடுத்துவிட வேண்டாம்.

ஒத்திகை மட்டும் பாக்கி. தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் கடை திறந்து, நிஜ வர்த்தகத்தையே நடுவில் பேரிடர் மையத்துக்கு மாற்றிப் பார்த்தன. உங்கள் கடைக்கு ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போதும். முதன்மைச் சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். துணையில் ஒரு பில் போட்டு அச்சடித்து, பில் எண்ணைப் பழைய கடைசி பில்லோடு ஒப்பிடுங்கள். பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் டேட்டாபேஸை எழுப்பி, போன மாத விற்பனைத் தொகை ஒத்துப்போகிறதா என்று கணக்கப்பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய முதன்மைக்குத் திரும்பும் வேலையையும் அன்றே செய்துவிடுங்கள். போவதைவிடத் திரும்புவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சர்வர் மாட்டிக்கொடுத்தவர் “அதெல்லாம் தேவையில்லை சார், எல்லாம் ஆட்டோமேட்டிக்” என்றால், வயரை அவர் கையாலேயே பிடுங்கச் சொல்லுங்கள்.